சத்தம் என்றால் சண்டைதானா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலோ, அல்சூரிலோ, சிவாஜிநகர் சந்துகளிலோ தமிழர்கள் நெருங்கி வாழும் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு சொல் காதில் விழாமல் போகாது. அந்தச் சொல் "சத்தம்."

"சத்தம் போடாதே, குழந்தை தூங்குது" என்கிறாள் ஒரு தாய். அதே தாய் மூத்த பையனைப் பார்த்து, "வாய்க்குள்ளேயே முணுமுணுக்காம, சத்தம் போட்டுப் படி" என்கிறாள். "நேத்து லேட்டா போனதுக்கு ஆபீசர் சத்தம் போட்டுட்டார்" என்கிறார் குமாஸ்தா. "தெருமுனைக்கு வந்ததும் ஒரு சத்தம் குடு, இறங்கி வர்றேன்" என்கிறான் நண்பன். "அண்ணனுக்குக் கடுதாசி போட்டு மாசம் ஒண்ணாச்சு, ஒரு சத்தத்தையும் காணோம்" என்று கவலைப்படுகிறார் ஒரு பெரியவர்.

சொல் ஒன்றுதான். முதலாவது இரைச்சல். இரண்டாவது உரத்த வாசிப்பு. மூன்றாவது கண்டிப்பு. நான்காவது அழைப்பு. ஐந்தாவது பதில்.

தமிழ் பேசும் காதுக்கு இந்த வித்தியாசம் தானாகவே விளங்கிவிடும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வேற்று மொழிக்காரருக்கு இவை அனைத்தும் ஒரே மாதிரிதான் கேட்கும். "தமிழர் வீட்டில் எப்போதும் சண்டை" என்ற பேச்சு பல ஊர்களில் கிளம்புவது இப்படித்தான். பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இது வேடிக்கையான விஷயம் மட்டுமல்ல. வாடகைக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில சமயம் இந்தப் பேச்சைப் பொறுத்திருக்கிறது.

அந்தச் சொல்லைச் சற்று நின்று கவனித்தால் பல சங்கதிகள் தெரிய வரும்.

திட்டு அல்ல, சத்தம்

தமிழில் உரத்த பேச்சுக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கூச்சல், கூப்பாடு, கூக்குரல், கத்தல், அலறல், அதட்டல், இரைச்சல், ஆரவாரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. பலர் சேர்ந்து போடுவது கூச்சல். ஆபத்தில் உதவி கேட்டு எழுப்புவது கூக்குரல். பெரியவர் சிறியவரை அடக்குவது அதட்டல். சந்தையில் கேட்பது இரைச்சல். திருவிழாவில் எழுவது ஆரவாரம்.

இத்தனை இருந்தும் அன்றாடப் புழக்கத்தில் "சத்தம்" முந்திக்கொள்கிறது. காரணம், அது எந்தப் பக்கமும் சாயாத சொல். நல்லது கெட்டது இரண்டையும் அதில் வைத்துப் பேசலாம்.

"அதிகாரி சத்தம் போட்டார்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்பது அதில் இல்லை. கடுமையாகப் பேசியிருக்கலாம். கேட்கக் கூடாத வார்த்தையே வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது "திட்டினார்" என்று சொல்ல மனம் வருவதில்லை. "ஏசினார்" என்றால் இன்னும் அவமானம். "சத்தம் போட்டார்" என்று முடித்துவிட்டால் விஷயமும் தெரிந்துவிடும், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மானமும் மிஞ்சும்.

வீட்டிலும் அப்படித்தான். "அப்பா சத்தம் போடுவார்" என்று பிள்ளைகள் பயப்படுவதில் மரியாதையும் கலந்திருக்கிறது. அதையே "அப்பா திட்டுவார்" என்று மாற்றிச் சொன்னால் அந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

இந்தச் சொல்லை எதிர்மறையாக்கினால் வேறு பொருள்கள் கிடைக்கின்றன. "சத்தமில்லாமல் இரண்டு பெண்களுக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டார்" என்றால் அது பாராட்டு. "சத்தம் காட்டாமல் நழுவிவிட்டான்" என்றால் அது குற்றச்சாட்டு. "சத்தம் வெளியே போகக் கூடாது" என்றால் அது குடும்ப ரகசியம்.

பட்டணத்தில் இங்கிலீஷ் கலந்தபோது "சவுண்டு" வந்தது. "சவுண்டு விடாதே" என்றால் அளந்து பேசு என்று எச்சரிக்கை. "சவுண்டு பார்ட்டி" என்றால் பணக்காரர். இந்தப் பணத்துக்கும் ஓசைக்கும் சம்பந்தமில்லை. உறுதியான, வலுவான என்ற பொருளில் உள்ள வேறு இங்கிலீஷ் சொல் அது. எழுத்திலும் உச்சரிப்பிலும் ஒன்றாக இருப்பதால் தமிழ் நாக்கில் இரண்டும் கலந்துவிட்டன.

வண்டிச் சத்தம் என்றால் கூலி

தமிழில் "சத்தம்" என்பதற்கு இன்றைய பிள்ளைகள் கேள்விப்படாத இன்னொரு பொருளும் உண்டு. அது வண்டிக் கூலி.

மாட்டு வண்டியில் நெல் மூட்டையையோ பருத்திப் பொதியையோ ஏற்றிப் போவதற்குக் கொடுக்கும் கூலிக்கு "வண்டிச் சத்தம்" என்று பெயர். வாடகைக்கு ஓடும் வண்டி "சத்த வண்டி." ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையே லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு முன் இந்தச் சத்தத்தைப் பேசி முடிக்காமல் எந்தச் சரக்கும் நகர்ந்ததில்லை. "சத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் வண்டிக்காரர் தொகையைத்தான் சொல்வார். இந்தச் சத்தமும் ஓசையைக் குறிக்கும் சத்தமும் ஒலியில் ஒன்று, பொருளில் வேறு.

மாட்டு வண்டி குறைந்ததும் இந்தப் பொருளும் மறைந்துகொண்டு வருகிறது. தென் மாவட்டங்களிலிருந்து வந்த வயோதிகர்கள் சிலரிடம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடைக்கு "சவுண்டு சர்வீஸ்" என்று பெயர் வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் சத்தம் என்பதே வாடகை. இந்தக் காலத்தில் சத்தத்தையே வாடகைக்கு விடுகிறார்கள்.

சொல் வந்த வழி

"சப்தம்" என்ற வடசொல் பிராகிருதத்தில் "சத்த" என்று மெலிந்தது. அந்த உருவத்தைத்தான் தமிழ் எடுத்துக்கொண்டு "சத்தம்" என்று ஆக்கியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அது "சத்து" என்று வழங்குகிறது. "த"வை அழுத்தாமல் மெலிதாகச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் "சப்தம்" என்ற உருவமே நிலைத்து, மனிதக் குரலையும் குறிக்கிறது. சிங்களத்திலும் இதே குடும்பத்துச் சொல் உண்டு.

ஆக, தென்னாடு முழுவதும் ஒரே சொல்தான் உலவுகிறது. ஆனால் தமிழில் போல அதன்மீது இத்தனை வேலைகளைச் சுமத்தவில்லை. கன்னடத்தில் "சத்து" என்றால் பெரும்பாலும் ஓசை. அதிகாரி கண்டித்தால் கன்னடர் அதற்குச் "சத்து" என்ற சொல்லைத் தேடிப் போகமாட்டார். "பைதரு" என்பார். இது கேட்க அன்னியமாக இருந்தாலும் சொந்தச் சரக்குதான். தமிழில் "வைதார்" என்கிறோமே, அதுதான் கன்னடத்தில் "ப"வாகத் திரும்பி "பைதரு" ஆகிறது.

"கூகு" என்றால் கன்னடத்தில் உரக்கக் கத்துவது. தமிழில் சேவல் கூவுகிறது, குயில் கூவுகிறது. அந்தக் "கூவு"தான் இது. "கரெ" என்றால் கன்னடத்தில் கூப்பிடு. தமிழில் காக்கை கரைகிறது என்கிறோம். காக்கை தன் கூட்டத்தைக் கூப்பிடுகிறது என்பதே அதன் பொருள். இன்று செல்போனில் கன்னட அறிவிப்பு வரும்போது "கரெ" என்ற சொல் காதில் விழுந்தால், அது நம் காக்கையின் சொல்தான் என்று நினைத்துக்கொண்டால் போதும், பிறகு மறக்காது.

குரல் எட்டும் தூரம்

மைல் கல்லும் கிலோமீட்டர் கல்லும் வருவதற்கு முன் தூரத்தை மனிதக் குரலால் அளந்தார்கள்.

"கூப்பிடு தூரத்தில்தான் வீடு" என்று இன்றும் சொல்கிறோம். இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. பழைய தமிழ் அளவை வாய்பாட்டில் 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம். ஒருவர் போடும் சத்தம் போய்ச் சேரும் எல்லையையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

கன்னடத்திலும் இதே எண்ணம் இருக்கிறது. "கூகளதெ" என்றால் கூகின் அளவு, அதாவது கத்தினால் கேட்கும் தூரம். வடக்கே போனால் "கோஸ்" என்கிறார்கள். பழைய நெடுஞ்சாலைகளில் "கோஸ் மினார்" என்ற தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் "கோஸ்" என்ற சொல் வடமொழிக் "குரோசம்" என்பதிலிருந்து வந்தது. குரோசம் என்றால் கூவுதல்.

தமிழர், கன்னடர், வடநாட்டார் மூவரும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். உரத்த குரல் அநாகரிகம் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் செய்தி போக வேண்டுமானால் குரலைத் தவிர வேறு சாதனம் கிடையாது. அந்த வயலிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தான் இன்று பத்தடிக்குப் பத்தடி அறைகளில் குடியிருக்கிறார்கள். அறை சுருங்கிவிட்டது, குரல் சுருங்கவில்லை.

கலாட்டா வேறு, கலாட்டெ வேறு

உண்மையான சிக்கல் வருவது இரு மொழிகளிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில்தான்.

பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர் வகுப்பைப் பார்த்து "கலாட்டெ மாடபேடி" என்கிறார். "இரைச்சல் போடாதீர்கள்" என்பதுதான் அதன் பொருள். ஐந்து வயதுக் குழந்தைகளிடமும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் தமிழில் "கலாட்டா" என்றால் ரகளை, வம்பு, அடிதடிக்கு முந்தின கட்டம். "உங்கள் மகன் வகுப்பில் ரொம்ப கலாட்டெ" என்று டீச்சர் சொன்னதும் தமிழ்த் தகப்பனார் என்ன நினைப்பார்? பையன் யாரையோ அடித்துவிட்டான் என்று பதறி, வீட்டுக்குப் போய்ப் பையனை அடிப்பார். பையன் செய்ததெல்லாம் பக்கத்துப் பையனோடு பேசியதாக இருக்கும்.

இதையே திருப்பிப் போட்டாலும் ஆபத்துதான். "எங்க தெருவில் கலாட்டா நடக்குது" என்று தமிழர் ஒருவர் பதறிப் போய்ப் புகார் சொன்னால், கேட்கிற கன்னடர், "சத்தம்தானே, சொல்லி அடக்கலாம்" என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. கைகலப்பு என்றால் கன்னடத்தில் "ஜகள" அல்லது "ஹொடெதாட்ட" என்று சொல்வதுதான் காரியத்துக்கு உதவும்.

இன்னொரு சொல் "ஜோர்." இரண்டு மொழிக்கும் இது உருதுவிலிருந்து வந்தது. மூலப் பொருள் பலம். தமிழில் "ஜோராக இருக்கிறது" என்றால் பிரமாதம். கன்னடத்தில் "ஜோராகி மாத்தாடு" என்றால் உரக்கப் பேசு. "யாக்கெ ஜோர் மாட்தீயா?" என்றால் "ஏன் அதட்டுகிறாய், ஏன் மிரட்டுகிறாய்?" என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வந்த தமிழ்ப் பையனிடம் மேஸ்திரி இப்படிக் கேட்டால், தன்னைப் பாராட்டுகிறார் என்று எண்ணி அவன் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பு மேஸ்திரியின் கோபத்தை இரட்டிப்பாக்கும். ஒரு சொல் தெரியாததால் ஒரு வேலையே போகலாம்.

"மெல்லகெ மாத்தாடி" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. "மெல்லப் பேசுங்கள்" என்ற தமிழ்தான் அது. "மாத்து" என்பது கூட அன்னியச் சொல் அல்ல. பழந்தமிழில் "மாற்றம்" என்றால் பேச்சு, சொல் என்று பொருள் உண்டு. தமிழ் மறந்ததைக் கன்னடம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அரவம் என்ற பெயர்

தமிழர்கள் உரக்கப் பேசுகிறவர்கள் என்ற பேச்சுக்கு ஒரு பழைய கதையும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தெலுங்கர் தமிழ் மொழியை "அரவம்" என்று அழைப்பது உண்டு. முன்னாளில் கன்னடரும் தக்காணத்து முஸ்லிம்களும் இந்தப் பெயரை வழங்கினார்கள். தெலுங்கில் "அரவடம்" என்றால் கத்துவது. தமிழிலேயே "அரவம்" என்றால் ஓசை. "ஆள் அரவம் இல்லாத இடம்" என்கிறோம். இரண்டையும் முடிச்சுப் போட்டு, "கத்திக் கத்திப் பேசுவதால்தான் உங்கள் பாஷைக்கு அரவம் என்று பெயர்" என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செகந்திராபாத்திலும் விஜயவாடாவிலும் ரயில்வே உத்தியோகம் பார்த்த தமிழர்கள் பலருக்கு இந்தக் கேலி பழக்கமானது.

ஆனால் அறிஞர்கள் தரும் விளக்கம் வேறு. தமிழகத்தின் வடகோடியில் "அருவா நாடு" என்றும் "அருவா வடதலை நாடு" என்றும் இரு பகுதிகள் இருந்ததாகப் பழைய இலக்கண உரைகள் கூறுகின்றன. அங்கு வாழ்ந்தவர்கள் அருவாளர். கரிகாலன் அவர்களை அடக்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. தெலுங்கு நாட்டுக்கு அடுத்தாற்போல் இருந்த தமிழ்ப் பகுதி இதுதான். பக்கத்தில் இருந்த நாட்டின் பெயரையே தமிழர் அனைவருக்கும் தெலுங்கர் வைத்துவிட்டார்கள் என்பது இந்த விளக்கம். மலையாளிகள் தமிழரைப் "பாண்டி" என்பதும் இப்படி வந்ததுதான். 1856-ல் முதலில் வெளிவந்து 1875-ல் விரிவாக்கப்பட்ட கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூலும் இந்தப் பெயரை ஆராய்ந்திருக்கிறது.

எனவே இனி யாராவது அந்தக் கேலியை எடுத்தால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "அது எங்கள் பழைய நாட்டின் பெயர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

யார் குரலை உயர்த்தினார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் குரல்கள் உரத்துத்தானே கேட்கின்றன?

ஆமாம். அதற்குக் காரணம் பிறவிக் குணம் அல்ல. அவர்கள் பார்த்த வேலை.

1911-ல் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் ஓர் உண்மையை எழுதி வெளியிட்டார். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துகிறான் என்பதே அது. எந்த நாட்டாரும், எந்த மொழிக்காரரும் இதற்கு விலக்கல்ல. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வரும் பாசஞ்சர் வண்டியில் காலையில் ஏறிப் பார்த்தால் இது விளங்கும். வண்டி நிற்கும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் வேகம் கூடக் கூடக் குரலையும் கூட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த ஸ்டேஷனில் வண்டி திடீரென்று நின்றதும், யாரோ ஒருவரின் குடும்ப விவகாரம் பெட்டி முழுவதும் கேட்டுவிடும்.

அந்த வண்டியில் வருபவர்களில் பலர் கோலார் தங்கவயல் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன அவர்களுடைய பாட்டன்மார் பூமிக்கடியில் துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்து நின்றவர்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த இரைச்சல் நின்றுவிட்டது. ஆனால் அதில் வேலை செய்தவர்களின் காதுகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பெங்களூர் துணி ஆலைகளில் தறி ஓட்டியவர்கள் கதையும் இதுவே. தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், அல்லது கையால் ஜாடை காட்ட வேண்டும். எட்டு மணி நேரம் அப்படிப் பேசிப் பழகியவர் வீட்டுக்கு வந்து மட்டும் எப்படி மெல்லப் பேசுவார்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நீண்ட காலம் பேரிரைச்சலில் வேலை செய்தால் உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் அணுக்கள் அழிகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற ஓசைகள். குருவிச் சத்தம், கடிகார அலாரம், பேரக்குழந்தையின் மழலை ஆகியவை மங்கிப் போகும். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால் அவர் மேலும் உரக்கப் பேசுகிறார். வீட்டார் "கிழவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது" என்கிறார்கள். பக்கத்து வீட்டார் "சண்டைக்காரக் குடும்பம்" என்கிறார்கள். உண்மையில் அவருக்கு வந்திருப்பது கோபமல்ல, தொழில் கொடுத்த செவிட்டுத்தனம்.

இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அது இருந்தது. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் அட்டவணையிலும் அது இருக்கிறது. நஷ்டஈடு கேட்பதற்குரிய நோய்களில் அதுவும் ஒன்று. இது தெரியாமல், "வயசாயிடுச்சு, அதான் காது கேக்கலை" என்று சும்மா இருந்துவிட்டவர்கள் ஏராளம். இன்று இயந்திரக்கூடங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் காதடைப்பானை வாங்கிப் போட்டுக்கொள்வதும், அவ்வப்போது ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துக்கொள்வதும் நல்லது.

உயிர் காக்கும் சத்தம்

எல்லாச் சத்தமும் தொல்லை என்று சொல்லிவிட முடியாது. ரயில் பாதையில் வேலை செய்யும் கேங்மேன்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 13 மீட்டர் நீளத் துண்டு ஒன்றின் எடை 780 கிலோ. இயந்திரம் இல்லாத இடத்தில் அதை ஆட்கள்தான் தூக்க வேண்டும். மேட் குரல் கொடுத்தால் எல்லோரும் ஒரே மூச்சில் தூக்குவார்கள். அடுத்த குரலில் ஒரே சமயத்தில் இறக்குவார்கள். சத்தம் ஒரு நொடி பிந்தினால் யாராவது ஒருவர் கால் நசுங்கும். வளைவில் நிற்கும் காவல் ஆள் "வண்டி! வண்டி!" என்று எழுப்பும் குரல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே சத்தம் போடாதவர்தான் குற்றவாளி.

வேலையிடத்தில் இப்படிக் குரல் எழுப்புகிறவர்கள் வேறு ஓர் இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். ஆபீஸ் ஜன்னல்களின் முன்னால்தான். ரேஷன் கடையிலும், ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குமிடத்திலும், பென்ஷன் கேட்கும் கவுண்டரிலும் தமிழ்த் தொழிலாளர் பலர் பேசாமல் நிற்பதைப் பார்க்கலாம். பாஷை சரியாக வராது, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். பின்னால் வந்தவர் முன்னால் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு போவார். இவர் சத்தமில்லாமல் மறுநாள் வருவார். தெருவெல்லாம் கேட்கும்படி பிள்ளையை அழைப்பவர், தன் உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் குரலைத் தொலைத்துவிடுகிறார்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் பழமொழி. அந்த வாய்க்கு இங்கே கன்னடமும் தெரிந்திருக்க வேண்டும். பத்துச் சொல் தெரிந்தாலும் போதும், உரக்கப் பேச வேண்டிய அவசியமே இருக்காது. தமிழோடு பிறந்த சொற்களே அதில் பாதிக்கு மேல் இருக்கும்.

மற்றொரு பக்கம், அண்டை வீட்டாரின் தூக்கத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கப் பொதுவாகத் தடை உண்டு. இது எல்லா மொழிக்காரர்களின் விழாக்களுக்கும் பொருந்தும். நம் விழாவில் நாம் கடைப்பிடித்தால்தான் அடுத்தவரிடம் எடுத்துச் சொல்ல வாய் வரும்.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் "சத்தம்" என்றால் அவர்களுக்குத் தெரிவது இரைச்சல் ஒன்றுதான். வண்டிச் சத்தம் அவர்களுக்குத் தேவையில்லை, போகட்டும். மற்ற பொருள்களையாவது பெற்றோர் சொல்லி வைக்கலாம்.

ஏனென்றால் திருப்பத்தூர்ப் பக்கத்திலோ தர்மபுரிப் பக்கத்திலோ ஒரு கிராமத்திலிருந்து பாட்டி போன் செய்வாள். "உன் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு, கண்ணு" என்பாள். அது இரைச்சலைப் பற்றிய புகார் அல்ல, தன் குரலுக்காக ஏங்குகிறாள் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.